சர்க்கரை போடாத டம்ளர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவளத்தில் மீன் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் யாரிடமும் மெதுவாகப் பேசுவதில்லை. அன்றைக்கு மீன்காரம்மா மெதுவாகப் பேசினார். சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சேதி தெரியாதா உனுக்கு? வூட்டு புரோக்கர் பாய் பூட்டாரும்மா. விடியக்கால தொழுகைக்குப் போய்ட்டு வந்து உக்காந்தவரு, அப்பிடியே சாஞ்சிட்டாராம்" என்றார்.

எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு இருந்தது ஒரே பாய்தான். வாங்கிய மீனை அங்கேயே விட்டுவிட்டு, காதர் பாய் வீடு இருக்கும் சந்துப் பக்கம் நடந்தேன். முந்தின நாள்தான் போனில் பேசியிருந்தார். "வந்துகினே கீறேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வராமலே போன கடைசி முறை அது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர். சிறுசேரியில் வேலை கிடைத்து, தென்காசியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்கி, கேளம்பாக்கத்திலும் தையூரிலும் நாவலூரிலும் தெருத்தெருவாக அலைந்தவர்களுக்கு அந்த மொபெட்டை மறக்க முடியாது. வண்டியின் முன்னால் தொங்கும் துணிப்பை நிறைய காலி வீட்டுச் சாவிகள். குலுங்கிக் குலுங்கி அவர் வருவது தெருமுனையிலேயே கேட்கும். சொன்ன நேரத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. "வந்துகினே கீறேன்" என்றால் இன்னும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். அத்தர் வாசனையோடு வந்து இறங்கி, நாம் கத்துவதற்கு முன்பே, "கோச்சிக்காதம்மா, வெயில்ல நின்னா கோவம் வரும், வா, வூட்டுக்குள்ள போய் திட்டு" என்பார். மனுஷனை அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

நானும் என் கணவரும் அவரைத் தேடிப் போனபோது நான் மாசமாக இருந்தேன். இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். குழந்தை பிறப்பதற்குள் ஒரு வீடு வேண்டும். பாய் காட்டிய வீடுகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பார்ப்போம், பிடிக்கும், முன்பணம் பேசுவோம். அதற்குள் வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாக, "விருதுநகர் பக்கமா? ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்பார். எங்கள் ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரிதான். நான் சொல்லிவிடுவேன். மறைத்துப் பழக்கமில்லை, எனக்குக் கோபமும் மூக்கு மேலேயே இருக்கும். மறுநாள் பாய் போன் செய்வார். அந்த வீட்டில் தண்ணீர் உப்பாம். அடுத்த வீட்டில் அமெரிக்காவிலிருந்து வீட்டுக்காரரின் மகன் வருகிறானாம். அதற்கடுத்த வீட்டுக்கும் ஒரு மகன் அமெரிக்காவிலிருந்து வந்தான்.

ஒரு நாள் நடுத்தெருவில் வைத்துக் கேட்டுவிட்டேன். "ஏன் பாய், அமெரிக்காவுல ஒரு பிள்ளையைக்கூட மிச்சம் வைக்க மாட்டீகளா? உள்ளதைச் சொல்லுங்க, நான் என்ன அழவா போறேன்?" அவர் மொபெட்டை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். "நீ அழ மாட்டம்மா, தெரியும். நான் அழுதுருவேன். வாயும் வயிறுமா கீற பொண்ணுகிட்ட, உன்ன வேணாங்கறாங்கன்னு நான் எப்பிடி சொல்றது? பொய் சொன்னா எனுக்குப் பாவம். உண்மைய சொன்னா உனுக்கு வலி. பாவம் எங்கிட்டயே இருக்கட்டும் வுடு" என்றார். அந்தப் பொய் யாருடைய மானத்தைக் காப்பாற்றுகிறது, என்னுடையதையா வீட்டுக்காரருடையதையா என்று பிற்பாடு பலமுறை அவரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். "ரெண்டு பேரோடதையும்தான்" என்று சிரிப்பார்.

வேதவல்லி அம்மாள் வீட்டுக்கு அழைத்துப்போனது அதன் பிறகுதான். உத்திரமேரூர்ப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். கல்பாக்கத்தில் அலுவலக வேலை பார்த்து ஓய்வு பெற்று, கேளம்பாக்கத்தில் வீடு கட்டித் தனியாக இருந்தார். கீழே முன்பக்கம் அவர், பின்பக்கம் ஒரு போர்ஷன், மாடியில் ஒரு போர்ஷன். மாடி வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. அவரும் கேட்டார், எந்தத் தெரு? நானும் சொன்னேன். அவர் முகம் சுருங்குவதற்குள் பாய் குறுக்கே விழுந்தார். "மேடம், மேல கரையான் குடியேறி வருஷம் ஆவுது. அத்த எந்தத் தெருன்னு கேட்டீங்களா?" வேதவல்லி அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயால் முடியாது என்று சொல்ல அவருக்கு வரவில்லை. சாவி கைமாறும்போது பாய் மெல்ல ஒரு வார்த்தை போட்டார். "பால் காய்ச்சற அன்னிக்கு நீங்க வந்து ஒரு டம்ளர் குடிக்கணும் மேடம். அது எங்க தொழில்ல வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எந்தத் தொழிலிலும் இல்லை. இந்தப் பக்கத்தில் வேறு எந்தப் புரோக்கரும் கேட்டதும் இல்லை. அவராக உண்டாக்கிக்கொண்டது. யார் வீட்டுப் பால்காய்ச்சுக்கும் பால் பாக்கெட்டோடு முதல் ஆளாக வந்து நிற்பார். அன்று ஒரு நாள்தான் நேரத்துக்கு வருவார். குடிவருகிறவர் கையால் காய்ச்சிய பாலை வீட்டுக்காரர் வாங்கிக் குடிக்கிற வரைக்கும் இடத்தைவிட்டு நகர மாட்டார்.

எங்கள் பால் பொங்கியது. சாமி படத்துக்கு வைத்துவிட்டு, சர்க்கரை போட்டு ஆற்றி, முதல் டம்ளரை வேதவல்லி அம்மாளிடம் நீட்டினேன். வாங்கினார். ஆனால் உதட்டுக்குப் போகவில்லை. "எனக்குச் சுகர் இருக்கும்மா" என்று சொல்லிச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டார். என் ஊரில் இந்த மாதிரி வைக்கப்பட்ட டம்ளர்களை எனக்குத் தெரியும், என் அம்மாவுக்கும் தெரியும். நான் வாயைத் திறக்குமுன் பாய் அடுப்படியிலிருந்து இன்னொரு டம்ளரோடு வந்தார். "அதுக்குத்தான் மேடம், சக்கர போடாம ஒண்ணு தனியா எடுத்து வெச்சேன். வயசானவங்க வூட்ல இது நமக்குத் தெரிஞ்சதுதானே?" என்று இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். அடேயப்பா, அந்த நிமிஷத்தில் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! வேறு வழியில்லாமல் ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். "பால் நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றார். "பாக்கெட்டுதான் மேடம், எல்லார் வூட்லயும் கீற பாக்கெட்டுதான்" என்றார் பாய், பச்சைப்பிள்ளை முகத்தோடு.

எதற்கு இந்த வம்பு என்று ஒரு முறை கேட்டேன். அவர் முதன்முதலாக வீடு பிடித்துக் கொடுத்தது கோவளத்து மீனவக் குடும்பம் ஒன்றுக்காம். வீட்டுக்காரர் வாடகை மட்டும் வாங்கிக்கொண்டார். வாசல்படி ஏறவில்லை, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள், நாற்றம் அடிக்கிறது என்று அவர்களை வெளியே அனுப்பிவிட்டார். அத்தனைக்கும் அந்தக் குடும்பத்தில் யாரும் கடலுக்கே போனதில்லை, குடிவந்தவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். "மீன் நாத்தம் மூக்குல இல்லம்மா, அந்தாளு மனசுல இருந்துச்சு" என்றார் பாய். "ஒரு டம்ளர் பால் குடிச்சவன், வெளிய போன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் ரோசிப்பான். அந்தக் கொஞ்சம் போதும், அதுக்குள்ள பழகிருவாங்க."

பழகத்தான் செய்தோம். என் மகள் பிறந்து, வேதவல்லி அம்மாளின் மடியில்தான் பாதி நாள் வளர்ந்தாள். மீன் குழம்பு வைத்தால், "சன்னலைச் சாத்திக்கிட்டுச் செய், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். பாய் வாரம் ஒரு முறையாவது வந்து கீழே முன்னறையில் உட்காருவார். வேதவல்லி அம்மாளே டீ போட்டுக் கொடுப்பார். இருவரும் ஊர் வீடுகளின் கதையை எல்லாம் அலசுவார்கள். பிற்பாடு அந்த அம்மாளுக்கு மெய்யாகவே சர்க்கரை வந்துவிட்டது. பாய் விடுவாரா? "அன்னிக்கு வாய்ல சொன்னது ஒடம்புல வந்திருச்சு பாத்தீங்களா வேதாம்மா! காசு வரும்னு சொல்லியிருக்கலாம்ல?" அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

அவர் முகத்துக்கு நேராகவே, "பாய், முஸ்லிம் குடும்பம் மட்டும் வேணாம், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லுகிற வீட்டுக்காரர்கள் உண்டு. தலையாட்டிவிட்டு வருவார். வலிக்காதா என்று கேட்டால், "வலிக்காம? ஆனா அது வெறுப்புன்னு நெனைக்காத. முக்காவாசி பயம்தான். பக்கத்து வூட்டுக்காரன் இன்னா சொல்வானோன்னு இவன் பயப்படறான். அந்தப் பக்கத்து வூட்டுக்காரன் இவன நெனச்சு பயப்படறான். ரெண்டு பேரும் ஒரு நாள் பேசிட்டா என் பொழப்பு சுலுவாப் பூடும்" என்பார். இன்னொன்றும் சொல்வார். "எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஒருத்தர் பேச்சை ஆரம்பிச்சா, அங்க இன்னாவோ கீதுன்னு அர்த்தம்."

அந்த வாக்கியத்தை எங்கள் வீட்டிலேயே கேட்கிற நாள் வந்தது.

பாய்க்கு மனைவி இல்லை. ஒரே மகள் நஸ்ரீன். படித்து, சிறுசேரியிலேயே வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, ஒரு பெண்குழந்தையும் பிறந்தது. கோவளத்தில் அண்ணன் தம்பிகளோடு பங்கு பிரித்த வீட்டில் பாய்க்கு வந்தது ஓர் அறை. அதில் மகள் குடும்பத்தை வைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மகள் பக்கத்தில் எங்காவது இருக்க வேண்டும், மொபெட்டை எடுத்தால் பேத்தியைப் பார்த்துவிட வேண்டும். அதே சமயத்தில் எங்கள் பின்பக்கத்துப் போர்ஷன் காலியானது. கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே ஒரே ரோடுதான். நான் சந்தோஷமாகக் காத்திருந்தேன். பாயோ வேறு யார் யாரையோ கூட்டிவந்து அந்தப் போர்ஷனைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய், நஸ்ரீனுக்குக் கேக்க வேண்டியதுதானே?" என்றேன். பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுகிற மாதிரி நின்றார். "இத்தன வருசமா அந்த ரூம்ல உக்காந்து டீ குடிக்கறேன் தங்கச்சி. நான் கேட்டு, அவங்க இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு வையி. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு வந்து அங்க உக்காருவேன்? கேக்காம இருந்தா, குடுத்திருப்பாங்கன்னு நெனச்சிகினாவது இருக்கலாம்." ஊருக்கெல்லாம் கதவு தட்டியவர், தனக்கென்று வரும்போது ஒரு கதவைத் தட்டப் பயந்து நின்றார். எனக்குத் தாங்கவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனேன்.

வேதவல்லி அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டேன். கை நின்றது. "பாய் தங்கமான மனுஷன். எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று ஆரம்பித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "மாடியில குடியிருக்கறவங்க ஏதாவது நினைச்சுக்கப் போறாங்க, அதுதான் யோசனை." நான் அவரையே பார்த்தேன். "அம்மா, மாடியில குடியிருக்கது நான்தான்" என்றேன். அவர் கீரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் என்றார், சொந்தக்காரர்கள் வந்து போகிற வீடு என்றார், அவர் வேறம்மா, அவங்க ஆளுங்க வேற என்றார். என் மகளை வளர்த்த கை, என் வீட்டுப் பாலை வாங்கிய கை. ஒரு வேலி தாண்டியவருக்கு அடுத்த வேலி அப்படியே நின்றுகொண்டிருந்தது. அன்று நான் அழுதேன்.

பாயிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டார். பின்பக்கத்துக்குச் சேலத்துக் குடும்பம் ஒன்று வந்தது. அந்தப் பால்காய்ச்சுக்கும் பால் பாக்கெட்டோடு முதல் ஆளாக வந்து நின்றார். பால் பொங்கியதும், சர்க்கரை போடாத டம்ளரைத் தனியாக எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து வேதவல்லி அம்மாளிடம் கொடுத்தார். "சூடு பாத்து குடிங்க வேதாம்மா" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த அம்மாளால்தான் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு பாய் முன்னறையில் வந்து உட்காருவது நின்றுபோனது. வாசலோடு மொபெட்டில் இருந்தபடியே, "நேரமாச்சி, இன்னொரு நாள் வரேன்" என்று போய்விடுவார். உள்ளே டீ ஆறிக்கொண்டிருக்கும்.

நஸ்ரீன் திருவல்லிக்கேணிக்குக் குடிபோனாள். முஸ்லிம் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம், அங்கே யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, தினமும் சிறுசேரிக்கு ஆபீஸ் வண்டியில் வந்து போனாள். பாய்க்கு மொபெட்டில் போகிற தூரம் இல்லை. லீவு நாளில் பஸ் ஏறிப் போவார், சாவிப்பையும் கூடவே போகும். திரும்பி வந்து என்னிடம் சொல்வார். "பேத்திக்கு இந்தச் சாவிதான் கிலுகிலுப்ப. பொம்ம வாங்கினு போனா தூக்கிப் போட்டுர்றா. இந்த ஏரியால கீற காலி வூட்டு சாவியெல்லாம் என் பேத்தி கையிலதாம்மா கீது!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சந்தில் நிற்க இடமில்லை. தேவாலயத் தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள், குப்பத்திலிருந்தும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர்கள் கார்களில் வந்து இறங்கினார்கள். எல்லோரும் அழுதார்கள், பொய்யாக இல்லை. "நம்ம பாய் மாதிரி ஒருத்தர் வருமா?" என்றார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு போர்ஷன் இருந்தது என்பதுதான் என் மனசில் ஓடியது. நஸ்ரீன் வந்து சேர்ந்தபோது அவர் உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. செய்தி கேட்டுத் திருவல்லிக்கேணியிலிருந்து குழந்தையோடு ஓடி வந்திருக்கிறாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகள் பெயரைத்தான் சொன்னாராம். பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு வாய் தண்ணீராவது கொடுத்திருப்பாள். நான் போனில் சொன்னதும் வேதவல்லி அம்மாளும் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நஸ்ரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா உங்களைப் பத்தி அவ்ளோ சொல்வாரும்மா, உங்க டீய பத்தி" என்றாள்.

சேலத்துக்காரர்கள் சொந்த வீடு வாங்கிப் போய்விட்டார்கள். பின்பக்கம் மறுபடி காலியானது. மூட்டுவலியோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வேதவல்லி அம்மாள் மாடிக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்க நின்று, "அந்தப் பொண்ணைக் கேளு" என்றார். "யாரு என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். அந்த மனுஷன் வாசல்லயே நின்னு நின்னு போனாரே..." நாற்காலியில் உட்காரவைத்தேன்.

நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். "அத்தா சொல்லலக்கா, ஆனா எனக்குத் தெரியும்" என்றாள். "அவர் உசுரோட இருந்தப்ப குடுக்காத வூடு இப்ப எதுக்கு?" நியாயமான கேள்விதான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "குழந்தை கண்ணு முழிக்கறதுக்குள்ள கெளம்பறேன், அது தூங்கினப்புறம் திரும்பறேன், முடியலக்கா. அதோட, அத்தா அத்தனை வருசம் வந்துபோன வூடு. வரேன். ஆனா பால் காய்ச்சறது அத்தா வழக்கப்படிதான் நடக்கணும். அவங்க குடிப்பாங்களா, கேட்டுச் சொல்லுங்க."

கீழே போய்ச் சொன்னேன். "சக்கரை போடாம ஒண்ணு எடுத்து வைக்கச் சொல்லு" என்றார் வேதவல்லி அம்மாள்.

பாயின் பையிலிருந்த சாவிகள் எல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களிடம் போய்விட்டன. மொபெட்டை அவர் தம்பி எடுத்துக்கொண்டார். எனக்கு என்று நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்த இல்லாத வழக்கத்தைத்தான். இனிமேல் எங்கள் வீட்டில் எந்தப் போர்ஷனுக்கு யார் வந்தாலும் பால் பாக்கெட்டோடு முதல் ஆளாக நான் நிற்பேன், வீட்டுக்கார அம்மாள் குடிக்கிற வரைக்கும் நகரமாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் காய்ச்சுகிறோம். அவர் மூலம் வீடு கிடைத்தவர்களும், அவரிடம் வீட்டை ஒப்படைத்தவர்களும், அன்று சந்தில் நின்று அழுதவர்களும் கட்டாயம் வாருங்கள். நஸ்ரீன் தன் கையால் கொடுப்பாள். யாருக்குச் சுகர் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் சர்க்கரை போடாமல் எடுத்து வைக்கிறோம்.